பஞ்சாயத்துக் கட்டிடங்களில் மின்செலவும் நீர்ச்செலவும்

கிராமப் பஞ்சாயத்து ஒன்றின் வரவு செலவுக் கணக்கை விரித்துப் பார்ப்போமாயின், ஆண்டு முழுவதும் விடாது தொடரும் செலவுகளுள் மின்கட்டணம் முன்னணியில் நிற்பது புலப்படும். குடிநீர்ப் பம்பு, தெருவிளக்கு, பஞ்சாயத்து அலுவலகம், நூலகம், சமுதாயக் கூடம் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு தொகையைக் கேட்கின்றது. சாலை போடுவதா, சாக்கடை கட்டுவதா என்று பல நாள் கூடி ஆராயும் நாம், மின்கட்டணச் சீட்டு வந்தவுடன் ஆராயாமலே பணத்தைக் கட்டிவிடுகிறோம். பணம் இல்லையேல் பாக்கி வைக்கிறோம். அதில் எத்தனை ரூபாய் பயன்பட்டது, எத்தனை ரூபாய் வீணாயிற்று என்று கேட்பவர் அரியர்.

இக்கேள்விக்கு விடை காண்பது எளிது. பெரிய கருவியோ பெரும் படிப்போ அதற்கு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், மீட்டரை நாள்தோறும் பார்த்து எழுதும் பழக்கமும் போதும். அம்முறையைத் திருத்தணி வட்டாரத்து நிலைமையை வைத்து இங்கே விளக்க முற்படுவோம்.

மாடு இழுத்த காலமும் மோட்டார் இழுக்கும் காலமும்

முன்னாளில் நம் கிணறுகளில் ஏற்றமும் கவலையும் இருந்தன. ஒரு சால் நீர் மேலே வருவதற்கு மாடு எத்தனை அடி நடந்தது, ஆள் எத்தனை முறை மிதித்தான் என்பதை அனைவரும் கண்ணால் கண்டனர். ஆதலால் வாய்க்காலில் சிறு உடைப்பு எடுத்தாலும் ஓடிச்சென்று அடைத்தனர். இன்று ஒரு விசையைத் தட்டினால் நீர் வருகின்றது. உழைப்பு மறையவில்லை, நம் கண்ணுக்கு மறைந்து நிற்கின்றது. மாடு இளைத்தால் உழவனுக்குத் தெரியும். மோட்டார் இளைத்தால் மீட்டருக்கு மட்டுமே தெரியும். அந்த மீட்டரை நாம் படிக்காதிருந்தால் ஒருவருக்கும் தெரியாது.

மீட்டர் கணக்கிடும் அளவுக்கு யூனிட் என்று பெயர். ஆயிரம் வாட் சக்தியுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். நூறு வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட்டுக்குச் சமம். இவ்வளவு தெரிந்தால் மேற்கொண்டு வரும் கணக்குகள் யாவும் விளங்கும்.

நம் ஊரிலும் ஒரு மலை உண்டு

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பதை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். படி ஒன்று அரை அடி உயரம் என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 182 அடியாகும். 15 லிட்டர் கொள்ளும் ஒரு குடத்தைத் தலையில் வைத்து அத்தனை படியும் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயிரம் லிட்டர் ஏற்ற வேண்டுமாயின் 67 குடம்.

இனிச் சமவெளியில் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் 200 அடியில் இருக்கிறது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி தரையிலிருந்து 40 அடி உயரத்தில் நிற்கிறது என்க. பம்பு நீரை ஏற்றும் மொத்த உயரம் 240 அடி. மலையே இல்லாத அவ்வூர் திருத்தணி மலையினும் உயர்ந்த ஒரு மலைமீது தன் குடிநீரை நாள்தோறும் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். பஞ்சாயத்தின் மின்செலவு ஏன் பெரிதாயிற்று என்பதற்கு முதற் காரணம் இதுவே.

இவ்வேலைக்கு எத்தனை யூனிட் தேவை என்பதைக் கணக்கிட்டுக் கூறலாம். 10,000 லிட்டர் நீரை 100 அடி உயர்த்துவதற்கு இயற்கை விதிப்படி வேண்டிய சக்தி ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் எந்தப் பம்பும் தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் நீராக்கித் தருவதில்லை. நல்ல நிலையிலுள்ள மோட்டாரும் பம்பும் சேர்ந்து ஏறத்தாழ பாதியைப் பயனாக்கும். தேய்ந்துபோன பழைய பம்பு கால்பங்கை மட்டுமே பயனாக்கும். எனவே 10,000 லிட்டரை 100 அடி ஏற்ற நல்ல பம்பு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரை எடுத்துக்கொள்ளும். மூன்று யூனிட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால் பம்பிலோ குழாயிலோ குறை இருக்கிறது என்று ஐயுறலாம். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

குறையின் விலை என்ன?

2019 ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்று அளவு வகுத்தது. 2,000 மக்கள் வாழும் கிராமத்துக்கு நாளொன்றுக்கு 1,10,000 லிட்டர் வேண்டும். இதனை 240 அடி ஏற்ற நல்ல பம்புக்கு ஏறத்தாழ 44 யூனிட் செலவாகும். தேய்ந்த பம்புக்கு 88 யூனிட் ஆகும். நீர் ஒரு சொட்டும் கூடவில்லை. செலவு மட்டும் இருமடங்காயிற்று. வேறுபாடாகிய 44 யூனிட்டை 365 நாளால் பெருக்கினால் ஆண்டுக்கு 16,060 யூனிட் ஆகின்றது. கணக்கின் எளிமைக்காக யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால், ஆண்டொன்றுக்கு 1,28,480 ரூபாய் காற்றில் கரைகின்றது. ஒரு சாக்கடைக்கோ அங்கன்வாடிக் கூரை பழுதுபார்ப்பதற்கோ உதவக்கூடிய தொகை இது. தங்கள் ஊருக்குரிய வீதத்தை மின்கட்டணச் சீட்டில் பார்த்து இக்கணக்கை அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

சோதனை செய்யும் முறை

பம்பின் நிலையை அறிய ஒரு நாள் காலைப் பொழுது போதும். தொட்டி காலியாக இருக்கும்போது, ஊருக்கு நீர் விடும் வால்வை மூடிவிட்டு, மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. மோட்டாரைப் போட்ட நேரத்தையும் எழுதுக. தொட்டி நிரம்பியவுடன் நிறுத்தி, மீண்டும் எண்ணையும் நேரத்தையும் குறிக்க. தொட்டியின் கொள்ளளவு அதன்மீதே எழுதியிருக்கும். 30,000 லிட்டர் தொட்டி, 240 அடி ஏற்றம் என்றால் நல்ல பம்புக்கு ஏறத்தாழ 12 யூனிட் ஆகவேண்டும். 24 யூனிட் ஆகுமாயின் முன் கூறிய இழப்பு அவ்வூரில் நாள்தோறும் நடக்கின்றது என்பது தெளிவு.

உடனே புது மோட்டார் வாங்கிவிட வேண்டும் என்பதில்லை. பாதி மூடிய வால்வு, உப்புப் படிந்து உட்குழி சுருங்கிய குழாய், தேவைக்குக் குறுகலான குழாய், நிலத்துக்கடியில் கசியும் இணைப்பு ஆகியவையும் இதே விளைவைத் தரும். இவற்றைச் சரிசெய்தபின் மறுபடி சோதித்துப் பார்த்து, அப்பொழுதும் குறை நீங்காவிடில் பம்பை மாற்றுவதைப் பற்றி ஆலோசிக்கலாம். மாற்றும்போது குதிரைச் சக்தியை மட்டும் பார்த்து வாங்குதல் கூடாது. நம் கிணற்றின் ஆழத்துக்கும் வேண்டிய நீருக்கும் பொருந்துகின்றதா என்று பொறியாளரைக் கேட்டு, எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திர முத்திரையையும் பார்த்து வாங்குதல் வேண்டும். 2001 ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2002 இல் ஏற்பட்ட அச்செயலகத்தின் முத்திரையில் நட்சத்திரங்கள் மிகுதியாக இருப்பின் மின்செலவு குறைவு என்பது பொருள்.

ஆளில்லா வேளையில் கட்டிடம் என்ன செய்கின்றது?

பம்புக்கு அடுத்தபடியாகக் கட்டிடங்களைக் கவனிப்போம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துவரும் மக்களால் திருத்தணியின் மண்டபங்களும் விடுதிகளும் நிரம்பி வழிகின்றன. மற்ற நாள்களில் பல அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. நம் கிராமத்துச் சமுதாயக் கூடமும் அத்தகையதே. முகூர்த்த நாளில் நிறைந்திருக்கும்; மறுநாள் வெறிச்சோடிக் கிடக்கும். இத்தகைய கட்டிடங்களில், கூட்டம் உள்ள நாளில் ஆகும் செலவைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அது பயனுள்ள செலவு. ஆளில்லாத நாளில் ஆகும் செலவையே முதலில் தேட வேண்டும்.

இரவில் கட்டிடத்தைப் பூட்டும்போது மின்மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் திறக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே ஒருவரும் இல்லாதபோது மீட்டர் கணிசமாக ஓடியிருந்தால், பின்புறத்து விளக்கோ கழிப்பிடத்து விளக்கோ நிறுத்தாத மின்விசிறியோ காரணமாக இருக்கும். அவை யாவும் அணைந்திருந்தும் மீட்டர் ஓடினால் கம்பியில் மின்கசிவு இருக்கக்கூடும். அது பணத்துக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்தாதலின் உடனே மின்பணியாளரை அழைத்தல் வேண்டும்.

நீருக்கும் இதே சோதனை பொருந்தும். நீர்மீட்டர் இருப்பின் அதன் எண்ணைக் குறிக்கலாம். இல்லையேல் தரைத்தொட்டியில் ஓர் அளவுகோலை விட்டு நீர்மட்டத்தை இரவிலும் காலையிலும் பார்க்கலாம். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 300 லிட்டர் போயிற்று என்று பொருள். யாரும் குடிக்காமல், குளிக்காமல் ஒரே இரவில் 20 குடம் நீர் மறைந்துவிட்டது. குழாய் ஒழுகுகின்ற இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்தும் அளக்கலாம். ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் சேர்ந்தால் நாளொன்றுக்கு 1,440 லிட்டர். கழிப்பறையின் நீர்த்தொட்டி ஓசையின்றிக் கசியும் இயல்புடையது. அதில் சிறிது மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டு, அரைமணி நேரம் எவரும் உபயோகிக்காமல் விட்டுப் பார்த்தால், கீழே மஞ்சள் நிறம் வருவதைக் கொண்டு கசிவை அறியலாம். இக்குறைகளுள் பெரும்பாலானவை ஒரு வாஷர் மாற்றுவதால் தீரக்கூடியவை.

எதை எழுதுவது, எப்படி ஒப்பிடுவது?

ஒவ்வொரு மின் இணைப்புக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குதல் நன்று. தேதி, மீட்டர் எண், முதல்நாள் எண்ணைக் கழித்து வரும் யூனிட் ஆகியவற்றை எழுத வேண்டும். பம்பாயின் ஓடிய நேரமும் நிரம்பிய தொட்டிகளின் எண்ணிக்கையும் சேர்த்து எழுத வேண்டும். கூடமாயின் அன்று விசேஷம் உண்டா இல்லையா என்று ஒரு சொல் போதும்.

ஒப்பிடும்போது இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. கோடை மாதத்தை மழை மாதத்துடன் ஒப்பிடுதல் தவறு. சித்திரையில் மின்விசிறியும் ஓடும், நீர்மட்டமும் இறங்கும். ஆதலின் இவ்வாண்டுச் சித்திரையைச் சென்ற ஆண்டுச் சித்திரையுடன் ஒப்பிடுவதே முறை. அடுத்து, மொத்த யூனிட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. ஊருக்கு அதிக நீர் கொடுத்ததால் யூனிட் கூடியிருக்கலாம். 10,000 லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று பார்த்தால் உண்மை விளங்கும். நீரைக் குறைத்து மின்செலவைக் குறைப்பது சிக்கனமாகாது. கடைக்கோடித் தெருவின் குழாயில் நீர் வராமற் போனால், அங்குள்ள பெண்கள் குடத்துடன் அலைய நேரிடும். மக்களுக்குக் கிடைக்கும் நீர் குறையாமல் செலவைக் குறைப்பதே நம் குறிக்கோள்.

மின்கட்டணச் சீட்டையும் வரிவரியாகப் படித்தல் வேண்டும். இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது, தாமதத்துக்காகக் கூடுதல் தொகை சேர்ந்துள்ளதா, வற்றிப்போன பழைய கிணற்றின் இணைப்புக்கு இன்னும் நிலைக்கட்டணம் போகின்றதா என்று பார்க்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

பணம் தேவைப்படாத வழிகளையே முதலில் கைக்கொள்ள வேண்டும். தொட்டி நிரம்பி வழிவதை நிறுத்துதல் அவற்றுள் தலையாயது. மணிக்கு 10,000 லிட்டர் தரும் பம்பு, காலையும் மாலையும் கால்மணி நேரம் வழிய விடப்பட்டால் நாளொன்றுக்கு 5,000 லிட்டர், அதாவது 333 குடம் வீணாகும். அதை ஏற்றிய மின்சாரமும் வீணே. நேரத்தை எழுதிவைக்கும் பழக்கம் வந்துவிட்டால் தொட்டி எப்பொழுது நிரம்பும் என்பது தெரிந்துவிடும். தெருவிளக்கைப் பொழுது விடிந்தவுடன் அணைப்பதும் இத்தகையதே.

அடுத்துச் சிறு செலவில் ஆகும் வழிகள். தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் விசை, ஒழுகும் குழாய்களுக்கு வாஷர், தெருவிளக்குக்கு நேரம் அறிந்து அணைக்கும் கருவி ஆகியவை இவ்வகையின.

மூன்றாவதாக, முதலீடு வேண்டும் வழிகள். பழைய குழல் விளக்கு அதன் சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 50 வாட் எடுக்கும். அதே வெளிச்சம் தரும் எல்.இ.டி. விளக்குக்கு 20 வாட் போதும். 100 தெருவிளக்குகள் இரவில் 11 மணி நேரம் எரிந்தால், முன்னதற்கு 55 யூனிட், பின்னதற்கு 22 யூனிட். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். புதிய வகையில் 30 வாட் அளவில் ஓடுபவை உள்ளன. எனினும் நாளெல்லாம் ஓடும் விசிறியை முதலில் மாற்றி, ஆண்டில் சில நாள் மட்டும் ஓடும் கூடத்து விசிறியைப் பின்னர் மாற்றுவதே அறிவுடைமை. எதை முதலில் மாற்றுவது என்பதையும் நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும்.

ஓடந்துறை காட்டிய வழி

இச்சிந்தனை எவ்வளவு தூரம் ஒரு பஞ்சாயத்தை அழைத்துச் செல்லும் என்பதற்குக் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து சான்றாகும். திரு. ஆர். சண்முகம் அவர்கள் 1996 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்தார். மின்கட்டணச் சுமையைக் குறைக்கும் நோக்குடன் அப்பஞ்சாயத்து முதலில் கதிரொளித் தெருவிளக்குகளை நிறுவியது. பின்னர் மரக்கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கி, அதனால் குடிநீரை ஏற்ற முயன்றது. 2006 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 55 இலட்சம் ரூபாய் மதிப்பில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. இத்தொகையில் ஒரு பகுதி பஞ்சாயத்தின் சேமிப்பு. பெரும்பகுதி வங்கிக் கடன். தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருவாயும் பெற்றது.

எல்லாப் பஞ்சாயத்தும் காற்றாலை வாங்க இயலாது. திருத்தணிப் பக்கத்தில் காற்று அவ்வளவு வீசுவதுமில்லை. ஆனால் மின்செலவைத் தலைவிதி என்று ஏற்காமல், குறைக்கக்கூடிய ஒன்று என்று கருதித் தொடங்கியதே ஓடந்துறையின் முதற்படி. அப்படி எந்த ஊருக்கும் எட்டக்கூடியது. கதிரொளித் தகடு அமைக்க விரும்பும் பஞ்சாயத்தும் முதலில் வீணைக் குறைத்துவிட்டு அமைக்குமாயின், சிறிய தகடே போதுமானதாகும்.

உழவர்க்கும் இதில் பங்குண்டு

வயலின் மோட்டாருக்குக் கட்டணம் இல்லையாதலால் இக்கணக்கு நமக்கு எதற்கு என்று உழவர் எண்ணலாம். வயற்கிணறும் பஞ்சாயத்துக் கிணறும் ஒரே நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சுகின்றன. நீர்மட்டம் 200 அடியிலிருந்து 260 அடிக்கு இறங்கினால், பஞ்சாயத்தின் ஏற்றம் 240 அடியிலிருந்து 300 அடியாகின்றது. மின்செலவு கால்பங்கு உயர்கின்றது. அதே சமயம் உழவருக்கும் கிணற்றை ஆழப்படுத்தும் செலவும், மோட்டார் எரிந்துபோகும் தொல்லையும் வருகின்றன. கரும்பும் நெல்லும் விளையும் இப்பகுதியில் சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் உழவர், தம் வயலுக்கு மட்டுமன்றி ஊர்த் தொட்டிக்கும் நன்மை செய்கிறார்.

மழைநீர் சேகரிப்பு 2003 ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் கூரையின்மேல் ஆண்டில் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால், வழியிழப்புப் போக 80,000 லிட்டர் நீரை நிலத்தில் இறக்கலாம். அன்று அமைத்த குழிகள் மண் மூடிக் கிடப்பின், ஐப்பசி மழைக்கு முன் தூர் வாரிச் செப்பனிடுதல் பஞ்சாயத்தின் கடமை.

யார் செய்வது?

நாள்தோறும் மோட்டாரை இயக்குபவரே மீட்டரை எழுதுவதற்கு ஏற்றவர். அவருடைய எழுத்து அவர்மீது குற்றம் காண்பதற்கு உபயோகிக்கப்படலாகாது. அவ்வாறு அஞ்சினால் எண்கள் பொய்யாகும். பொய்யான எண்ணைவிட எண்ணே இல்லாதிருத்தல் நன்று. யூனிட் திடீரெனக் கூடியதை முதலில் கண்டு சொன்னவரைப் பாராட்டுதல் வேண்டும். வாரம் ஒருமுறை ஓர் உறுப்பினர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கையொப்பமிடலாம். பள்ளிக் கட்டிடத்துக் கணக்கை ஆசிரியர் மேற்பார்வையில் மாணவரே எழுதலாம். கணக்குப் பாடமும் அதனால் கைகூடும்.

1960 ஏப்ரல் 1 ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்த இத்திருத்தணி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குகின்றன. எண்களுக்கு மொழி வேற்றுமை இல்லை. சென்ற ஆண்டு இத்தனை யூனிட், இவ்வாண்டு இத்தனை யூனிட், மிச்சமான ரூபாய் இவ்வளவு என்று பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு பலகையில் எழுதி வைத்தால், ஊரார் அனைவரும் படித்தறிவர். மார்ச் 22 ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராமசபை இக்கணக்கை மக்கள்முன் வைப்பதற்கு மிகவும் பொருத்தமானது. மிச்சமான பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதையும் அன்றே மக்கள் முடிவு செய்யலாம். தாம் மூடிய குழாயின் பயன் தம் தெருச் சாக்கடையாக வந்து நிற்பதைக் கண்டால், மக்கள் மேலும் ஊக்கம் கொள்வர் என்பதில் ஐயமில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். நாமோ ஆற்றிலிருந்தும் நிலத்திலிருந்தும் எடுப்பதைக்கூட அளக்காமல் எடுக்கிறோம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வரும் மாதத்தின் முதல் நாளன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தம் ஊர்க் குடிநீர்ப் பம்பின் மீட்டர் எண்ணை முதல் வரியாக எழுதத் தொடங்குவார்களாக.